அரசு வழங்கல் ஒப்பந்தங்களும் விதி மாற்றங்களும்: கவுஞ்சி மலைப்பகுதி வரலாறு காட்டும் உண்மை

பழனி மலையின் மேற்பகுதியில் பூம்பாறையையும் மன்னவனூரையும் கடந்து செல்வார்க்குக் கவுஞ்சி என்னும் சிற்றூர் தோன்றும். அவ்வூரின் படிக்கட்டு வயல்களில் வெள்ளைப்பூண்டும் உருளைக்கிழங்கும் விளைகின்றன. வயல்களுக்கு அப்பால் வாட்டில் என வழங்கும் ஆஸ்திரேலிய மரங்களும் தைல மரங்களும் அடர்ந்து நிற்கின்றன. இவை இம்மலைக்கு உரியன அல்ல. அரசு செய்துகொண்ட வழங்கல் ஒப்பந்தங்களின் பொருட்டு நடப்பெற்று, அவ்வொப்பந்தங்கள் மறைந்த பின்னரும் நிலைத்துவிட்டவை.

ஒப்பந்தம் வேறு, அதனை ஆளும் விதி வேறு. ஒப்பந்தம் இருவர் இசைவால் அமைவது. விதியோ அரசு ஒன்றனாலேயே மாற்றப்படுவது. அரசு மக்களிடமிருந்து பொருள் பெறுதலும், தன் காட்டுப் பொருளை ஆலைகளுக்குத் தருதலும் வழங்கல் ஒப்பந்தமே ஆகும். இவ்விரு வகையிலும் விதி மாறியபொழுது, அதனைச் சார்ந்து வாழ்ந்தோர் அம்மாற்றத்தை அறிய வழி இருந்ததா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

கல்லில் நின்ற விதி

வழங்கல் ஒப்பந்தம் தமிழகத்திற்குப் புதியதன்று. முதலாம் இராசராசன் தஞ்சையில் எடுப்பித்த பெரிய கோயிலின் கல்வெட்டுகள் இதற்குச் சான்றாகும். ஒரு திருவிளக்கு எரிப்பதற்கு 96 ஆடுகள், அன்றி 48 பசுக்கள், அன்றி 16 எருமைகள் என்னும் கணக்கில் இடையர்க்கு அளிக்கப்பட்டன. அவற்றைப் பெற்றவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளத்தல் வேண்டும். அளக்கும் கருவி ‘ஆடவல்லான்’ என்னும் பெயருடைய மரக்கால் எனவும் வரையறுக்கப்பட்டது. பொருள், அளவு, காலம், அளவைக் கருவி ஆகிய நான்கும் தெளிவுபெற்றிருந்தன.

இவ்வொப்பந்தத்தின் கடுமை இன்றைய நோக்கில் கண்டிக்கத் தக்கதே. ஆடு இறப்பினும் நெய் அளக்கும் கடமை இறவாது என்னும் கருத்திலேயே அவை ‘சாவா மூவாப் பேராடு’ எனப்பட்டன. எனினும் ஒன்று கருதத் தக்கது. விதி எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்பதில் ஐயம் எழவில்லை. நெய் அளக்கும் இடத்திலேயே, அளப்பவன் பேசும் மொழியிலேயே அது பொறிக்கப்பட்டிருந்தது. எழுத்தறியாதவனும் படித்தவர் ஒருவரை அழைத்துக் கேட்டறியலாம்.

தாளில் மாறிய விதி

ஆங்கிலேயர் ஆட்சியில் இந்நிலை மாறியது. ஆட்சிக்கு வேண்டிய பொருள்களிற் பெரும்பகுதி இலண்டனிலேயே கொள்முதல் செய்யப்பட்டது. 1922இல் இந்தியப் பண்டகத் துறை தோன்றிய பின்னரே இந்நாட்டுக் கொள்முதல் ஒழுங்குபெறலாயிற்று. பின்னர் அது வழங்கல் மற்றும் ஒழிப்புத் தலைமை இயக்ககமாக வளர்ந்தது. பொது நிதி விதிகளோ 1947, 1963, 2005, 2017 ஆகிய ஆண்டுகளில் புதுப்பதிப்புப் பெற்றன. இடையிடையே வந்த திருத்தங்கள் பல.

விதியை அறியாமையால் விளையும் கேட்டிற்கு ஒரு வழக்கு நல்ல எடுத்துக்காட்டாகும். 1943இல் கிழக்கிந்திய ரயில்வேயின் கோட்ட அதிகாரி ஒருவர், ஊழியர் உணவுக்கெனத் தானிய வணிகர் ஒருவரிடம் கொள்முதல் ஆணைகளைத் தந்தார். ஒரு பகுதி தானியம் பெறப்பட்டு விலையும் தரப்பட்டது. எஞ்சியதை ஏற்க ரயில்வே மறுத்தது. வணிகர் இழப்பீடு கோரினார். 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் 175ஆம் பிரிவு, இத்தகைய ஒப்பந்தம் தலைமை ஆளுநர் பெயரால் எழுதப்படுதல் வேண்டும் எனக் கூறியது. கோட்ட அதிகாரியின் ஆணைகள் அவ்வாறு எழுதப்பட்டில. ஆதலின் ஒப்பந்தம் செல்லாது என 1961இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தானியம் நல்லதா, விலை நேர்மையானதா என்னும் வினாக்கள் வணிகரைக் காக்கவில்லை. அவ்விதியே இன்று அரசியலமைப்பின் 299ஆம் உறுப்பாக விளங்குகிறது.

இதன் கடுமையைத் தணிக்கும் தீர்ப்பொன்றும் அதே ஆண்டின் இறுதியில் வந்தது. முறையான ஒப்பந்தம் இல்லையாயினும், இலவசமாகக் கருதாமல் செய்த பணியின் பயனை அரசு நுகர்ந்திருப்பின், 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆம் பிரிவின்படி ஈடு தரவேண்டும் என்பது அதன் முடிபு. மேற்கு வங்கத்தில் உணவு வழங்கல் துறைக்குக் கட்டட வேலை செய்து கொடுத்த ஒருவர் இதனால் பயன்பெற்றார்.

காட்டில் நேர்ந்த மாற்றம்

இனிக் கவுஞ்சிக்கு வருவோம். தோல் பதனிடுதல் தமிழகத்தின் பழந்தொழில். அதற்கு ஆவாரம்பட்டை பயன்பட்டது. பின்னர் வாட்டில் பட்டை பெரிதும் நாடப்பட்டு, தென்னாப்பிரிக்காவிலிருந்து இறக்குமதியாயிற்று. விடுதலைக்குப் பின்னர், இறக்குமதியைக் குறைக்கும் நோக்குடன் நீலகிரியிலும் பழனி மலையிலும் புல்வெளிகளில் வாட்டிலும் தைல மரமும் வனத்துறையால் பரவலாக நடப்பட்டன. பட்டை பதனிடு பொருள் ஆலைகளுக்கும், மரம் பவானி ஆற்றங்கரையிலுள்ள சிறுமுகையில் இயங்கிய செயற்கை இழை ஆலைக்கும் சென்றன. புல்வெளி ‘பயனற்ற நிலம்’ எனக் கருதப்பட்ட காலம் அது.

பின்னர் விதிகள் ஒன்றன்பின் ஒன்றாக மாறின. 1976ஆம் ஆண்டின் 42ஆவது அரசியலமைப்புத் திருத்தம் காடுகளைப் பொதுப் பட்டியலில் சேர்த்தது. 1980இல் காடுகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1988ஆம் ஆண்டு தேசிய வனக் கொள்கை, ஆலைகளுக்குச் சலுகை விலையில் காட்டுப் பொருள் தரும் வழக்கம் ஒழிய வேண்டும் எனவும், ஆலைகள் தம் மூலப்பொருளுக்கு உழவர்களை நாட வேண்டும் எனவும் கூறியது. 1996 டிசம்பர் 12ஆம் நாள் கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம், நடுவண் அரசு ஏற்ற செயல்திட்டத்தின்படி அன்றிக் காடுகளில் மரம் வெட்டலாகாது என ஆணையிட்டது. 2013இல் இப்பகுதிக் காடுகள் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டன.

இவ்விதிகள் ஒவ்வொன்றும் நன்னோக்கம் உடையனவே. ஆயினும் இவை மரம் வெட்டுதலைத் தடுத்தனவேயன்றி, ஒப்பந்தத்திற்காக நட்ட அயல் மரத்தை என் செய்வது என்பதற்கு விடை கூறவில்லை. வாட்டிலின் விதை மண்ணில் நெடுங்காலம் கிடந்து முளைக்கும் இயல்பினது. வெட்டுவாரின்மையால் மரம் எஞ்சிய புல்வெளியிலும் பரவியது. நாற்பதாண்டுக் காலத்தில் பழனி மலையின் புல்வெளிகள் மூன்றில் இரு பங்கு குறைந்தன என்றும், மரத்தோட்டங்களும் வேளாண்மையும் அதற்குக் காரணம் என்றும் 2018இல் வெளிவந்த செயற்கைக்கோள் பட ஆய்வு காட்டியது. மழைநீரை உறிஞ்சி ஓடைக்குச் சிறிது சிறிதாக விடுவது புல்வெளியே. அதன் இழப்பு மேய்ச்சலையும் பாசனத்தையும் ஒருங்கே தாக்குவதாகும். ஒப்பந்தத்தில் கையொப்பமிடாத ஊர்களே அதன் விளைவைச் சுமக்கின்றன.

இன்றைய நிலை

மக்களிடமிருந்து அரசு பொருள் கொள்ளும் முறையும் மாறியுள்ளது. ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மையை வலியுறுத்தும் சட்டத்தைத் தமிழ்நாடு 1998இல் இயற்றியது. அதன் விதிகள் 2000இல் நடைமுறைக்கு வந்தன. மாவட்டந்தோறும் ஒப்பந்தப்புள்ளி இதழ் வெளியிடப்படுதல் வேண்டும். 2 கோடி ரூபாய் வரையுள்ள ஒப்பந்தப்புள்ளிக்குக் குறைந்தது 15 நாளும், அதற்கு மேற்பட்டதற்கு 30 நாளும் அவகாசம் உண்டு. முடிவால் குறையுற்றவர் 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். இவை போற்றத்தக்க ஏற்பாடுகள். ஆனால் கவுஞ்சிக்கு மாவட்டத் தலைநகர் மலையடிவாரத்திற்கும் அப்பாலுள்ள திண்டுக்கல். 1985க்கு முன்னரோ மதுரை. சமவெளியில் 15 நாள் எனப்படுவது மலையூரில் அதனினும் குறைந்ததே ஆகும்.

நடுவண் அரசின் முறை இன்னும் விரைந்து மாறியது. 2016இல் மின்னணுச் சந்தை தொடங்கியது. மறு ஆண்டே பழைய தலைமை இயக்ககம் மூடப்பட்டது. சிறு தொழில்களிடமிருந்து கொள்ளவேண்டிய பங்கு 2012ஆம் ஆண்டு ஆணையில் 20 விழுக்காடாக இருந்து, 2018இல் 25 ஆக உயர்த்தப்பட்டது. அதனுள் 3 விழுக்காடு பெண்கள் நடத்தும் தொழில்களுக்கு ஒதுக்கப்பட்டது. 2020இல் பதிவு முறையே மாறி ‘உத்யம்’ எனப் பெயர்பெற்றது. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. அப்பூண்டை உலர்த்திப் பொடியாக்கும் பெண்கள் குழு ஒன்று அரசு நிறுவனத்திற்கு விற்க விழையும் எனக் கொள்வோம். பழைய பதிவை மட்டும் வைத்திருப்பின், பொருளின் தரத்தாலன்றிப் பதிவின் பழமையாலேயே அது சலுகையை இழக்கும். 1943ஆம் ஆண்டுத் தானிய வணிகர்க்கு நேர்ந்ததும் இதுவே.

முடிபு

ஏலம் என்னும் சொல் போர்த்துகீசியர் வழி வந்தது; டெண்டர் ஆங்கிலர் வழி வந்தது; ஒப்பந்தப்புள்ளி நம் அலுவலகங்கள் ஆக்கியது. சொல் தமிழாயிற்று, விதியும் அதன் திருத்தமும் தமிழில் ஊர்தோறும் சென்று சேர்ந்தாலன்றி அவ்வாக்கம் நிறைவுறாது. விதி மாறுதல் தவறன்று. மாறாத விதி இடையனை என்றும் ஆட்டுக்குக் கடனாளியாக்கியதைக் கண்டோம். மாறும் விதிக்கு இரண்டு கடமைகள் உண்டு. தான் மாற்றும் ஒப்பந்தம் விட்டுச் செல்லும் எச்சத்திற்கு அது விடை கூறுதல் வேண்டும். தன்னை நம்பியிருப்போர் கண்ணில் படும் இடத்தில் அது நிற்றல் வேண்டும். முன்னதற்குக் கவுஞ்சியின் வாட்டில் காடும், பின்னதற்குத் தஞ்சையின் கல்லும் சான்றாவன. ஒவ்வொரு திருத்தமும் எளிய தமிழில் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டப்படுதல் பெருஞ்செலவுடையதன்று. ஆயிரம் ஆண்டுகட்கு முன்னர் உளியால் செய்தோம். இன்று தாளால் செய்தல் அரிதன்று.