மௌனம் சம்மதம் இல்லை: தோஹா, 2001

‘மௌனம் சம்மதம்’னு நம்ம ஊர்ல சொல்வாங்க இல்லையா? உலக வர்த்தக அமைப்பு, அதாவது டபிள்யூ.டி.ஓ., இயங்குவதும் கிட்டத்தட்ட அப்படித்தான். அங்கே ஓட்டெடுப்பு வழக்கம் இல்லை. கூட்டத்தில் இருக்கும் எந்த நாடும் முறைப்படி மறுப்பு சொல்லவில்லை என்றால், எல்லாரும் ஒத்துக்கிட்டதா அர்த்தம். பெரிய நாடுகளோட தயவை நம்பி இருக்கிற ஒரு ஏழை நாடு, எழுந்து நின்னு ‘முடியாது’ன்னு சொல்றது அவ்வளவு சுலபமா? அந்த விதியை ஒரு விஷயத்தில் மட்டும் தலைகீழாகத் திருப்பிய கதையைத்தான் இன்னைக்குச் சொல்லப் போறேன்.

2001 நவம்பர். கத்தாரின் தலைநகர் தோஹா. 142 உறுப்பு நாடுகளின் பிரதிநிதிகள் கூடியிருக்காங்க. 1999-ல் சியாட்டிலில் நடந்த மாநாடு தோல்வியில் முடிந்திருந்தது. செப்டம்பர் 11 தாக்குதல் நடந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. இந்த முறை புதிய பேச்சுவார்த்தைச் சுற்றைத் தொடங்கியே ஆகணும்னு அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் நெருக்கின. இந்தியக் குழுவின் தலைவர், வாஜ்பாய் அரசில் வர்த்தக அமைச்சராக இருந்த முரசொலி மாறன்.

சண்டை நாலு விஷயத்துக்காக: அந்நிய முதலீடு, போட்டிக் கொள்கை, அரசுக் கொள்முதலில் வெளிப்படைத்தன்மை, சுங்க நடைமுறைகளை எளிதாக்குவது. 1996 சிங்கப்பூர் மாநாட்டில் எழுந்ததால் ‘சிங்கப்பூர் விவகாரங்கள்’ என்று பெயர். கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனா எந்தத் துறையில் அந்நிய கம்பெனியை என்ன நிபந்தனையோட விடலாம்ங்கிறது நம்ம நாடே முடிவு பண்ற விஷயம். அதை ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால், மீறும்போது வழக்கு வரும். தோற்றால் பதிலடி வரி வரும். தேர்தலில் ஆட்சி மாறலாம், ஒப்பந்தம் மாறாது.

13-ம் தேதி முடிய வேண்டிய மாநாடு 14-க்கு நீண்டது. கடைசி நேரத்தில் இந்தியா கிட்டத்தட்டத் தனியா நின்னது. முடிவில், இந்த நாலு விஷயத்திலும் பேச்சைத் தொடங்க ‘வெளிப்படையான ஒருமித்த கருத்து’ வேண்டும் என்று பிரகடனத்தில் எழுதினார்கள். ஒரு நாடு சேரத் தயாராகும் வரை பேச்சைத் தடுக்க அதற்கு உரிமை உண்டு என்று மாநாட்டுத் தலைவரான கத்தார் அமைச்சரும் விளக்கம் படித்தார். அதாவது, இங்கே மௌனம் சம்மதம் இல்லை. வாயைத் திறந்து ‘சரி’ன்னு சொல்லணும்.

இதை முழு வெற்றின்னு நான் சொல்ல மாட்டேன். புதிய சுற்றையே எதிர்த்த இந்தியா கடைசியில் அதற்குச் சம்மதித்தது. சுற்றுச்சூழல் விஷயத்திலும் விட்டுக்கொடுத்தது. துணி ஏற்றுமதிக் கோட்டாவைச் சீக்கிரம் தளர்த்தச் சொன்ன கோரிக்கை நிறைவேறவில்லை. திருப்பூர் 2004 முடியும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் வளரும் நாடுகள் சேர்ந்து கேட்ட இன்னொன்று கிடைத்தது: மக்கள் உடல்நலத்துக்காகக் காப்புரிமையை மீறி மருந்து தயாரிக்கக் கட்டாய உரிமம் தரலாம் என்ற உறுதி. 2012-ல் இந்தியா அப்படி ஒரு உரிமம் தந்தபோது, மாதம் சுமார் 2.8 லட்சம் ரூபாயாக இருந்த ஒரு புற்றுநோய் மருந்து 8,880 ரூபாய்க்கு வந்தது.

அந்த வார்த்தைகளுக்கு என்ன ஆச்சு? தலைவரின் விளக்கம் சட்டப்படி கட்டுப்படுத்துமா என்று வாதம் எழுந்தது. ஆனாலும் 2003 செப்டம்பரில் கான்கூனில் ஒருமித்த கருத்து வரவில்லை, மாநாடே முறிந்தது. அதே வருஷம் நவம்பரில் மாறன் காலமானார். 2004 ஆகஸ்டில் நாலில் மூன்றைப் பேச்சிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

மிச்சம் இருந்தது சுங்க நடைமுறை. அதில் 2014-ல் இந்தியா மறுபடி முரண்டு பிடித்தது. ரேஷனுக்காக அரசு வாங்கிச் சேர்க்கும் தானியத்தின் மேல், நிரந்தரத் தீர்வு வரும் வரை வழக்கு வராதுன்னு உறுதி வாங்கிய பிறகே இறங்கி வந்தது. 2016-ல் அதை ஏற்று உறுதிசெய்தது. 2001-ல் வேண்டாம்னு சொன்னதையே 15 வருஷம் கழிச்சு, விலை பேசி வாங்கிக்கிட்டோம்.

எனக்கு இறையாண்மைன்னா இதுதான். எல்லாத்துக்கும் ‘முடியாது’ன்னு சொல்றது இல்லை, ‘சரி’ன்னு எப்போ, எதுக்குப் பதிலா சொல்றோம்ங்கிறது நம்ம கையில இருக்கணும். அடுத்து ஏதாவது வர்த்தக ஒப்பந்தச் செய்தி வந்தா, வரி எத்தனை சதவீதம் குறைஞ்சதுன்னு மட்டும் பார்க்காதீங்க. எந்த முடிவை எடுக்கிற உரிமையைக் கொடுத்தோம், பதிலுக்கு என்ன வாங்கினோம்னும் தேடிப் படிங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.