நகர வெப்பத்தீவு

சுற்றுப்புற நாட்டுப்புறத்தைவிட நகரம் மிகுந்த வெப்பத்துடன் இருக்கும் நிலை. இதை அளந்து காட்டிய முன்னோடி லண்டனின் லூக் ஹோவர்ட் (1772–1864). அவர் கணக்கில் நகரத்தின் இரவு வெளியூர் இரவைவிட 3.7 பாரன்ஹீட் பாகை (சுமார் 2 செல்சியஸ்) வெப்பமானது. பகலோ மிகச் சிறிதளவு குளிர்ந்திருந்தது. விளக்கத்தின் திறவுகோல் இந்த வேறுபாட்டில்தான் உள்ளது. அடுப்பும் ஆலையும் வெப்பம் சேர்ப்பது உண்மை. ஹோவர்டும் அதைச் சுட்டினார். ஆனால் அதுமட்டுமே காரணமானால், நெருப்பு எரியும் பகலிலும் அந்த மிகுதி தெரிந்திருக்க வேண்டாமா? பகல் வெயிலை மறைத்த புகைமூட்டத்துக்கும் இதில் பங்குண்டு என்பதை ஒப்புக்கொள்ளலாம். எனினும் முதன்மைக் காரணம் வேறு. செங்கல்லும் கல்லும் பகல் வெப்பத்தைச் சேமித்து இரவில் மெல்ல வெளியிடுகின்றன. நெருங்கிய சுவர்கள் வானத்தை மறைப்பதால் அவ்வெப்பம் எளிதில் வெளியேறுவதில்லை. வயல்வெளியோ திறந்த வானின்கீழ் விரைந்து குளிர்கிறது. அங்கே பகல் வெயிலின் பெரும்பங்கும் மண்ணீரையும் இலையீரத்தையும் ஆவியாக்குவதில் செலவாகிவிடுகிறது. மழைநீரை உடனே வடித்துவிடும் நகரத்துக்கு அந்த வாய்ப்பு குறைவு.

அப்படியானால் புவி வெப்பமடைதல் என்பதே நகரங்களில் வைத்த வெப்பமானிகளின் பிழைதானே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான், விடையும் அளவீட்டிலேயே இருக்கிறது. காற்று வீசும் இரவில் வெப்பத்தீவு கலைந்து வலுவிழக்கும். பிழை அதுவானால், காற்றற்ற இரவுகளில் மட்டும் வெப்ப உயர்வு மிகுந்திருக்க வேண்டும். 2004-ல் காலநிலை ஆய்வாளர் டேவிட் பார்க்கர் உலகளாவிய பதிவுகளை இவ்வாறு பிரித்துப் பார்த்தபோது, இருவகை இரவுகளிலும் உயர்வு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. நகரமே இல்லாத கடற்பரப்பும் வெப்பமடைந்து வருகிறது.