விளைவைக் கேட்கும் பார்வையாளர்: ‘மேன் ஆஃப் ஸ்டீல்’ திரைப்பட வரவேற்பை முன்வைத்து

முன்னுரை

ஸாக் ஸ்னைடர் இயக்கிய ‘மேன் ஆஃப் ஸ்டீல்’ 2013 ஜூன் 14 அன்று அமெரிக்காவில் வெளியானது. ஜெரி சீகலும் ஜோ ஷுஸ்டரும் படைத்த சூப்பர்மேன், 1938இல் ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில் அறிமுகமாகி 75 ஆண்டுகள் நிறைந்த வேளை அது. படத்தின் உச்சக்கட்டத்தில், மெட்ரோபோலிஸ் நகரின் ரயில் நிலையத்தில் சிக்கிக்கொண்ட ஒரு குடும்பத்தை, சூப்பர்மேனின் பிறப்புக்கோளான கிரிப்டானைச் சேர்ந்த ஜெனரல் ஸாட் தன் கண்களிலிருந்து பாயும் வெப்பக்கதிரால் எரிக்க முனைகிறான். நிறுத்தும்படி கெஞ்சிப் பார்த்த சூப்பர்மேன், வேறு வழியின்றி அவன் கழுத்தை முறித்துக் கொல்கிறான். சில நொடிகளே நீளும் இந்தக் காட்சி எழுப்பிய வாதம் பல ஆண்டுகள் ஓயவில்லை.

இந்த எதிர்ப்புக்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம் எளிமையானது: காமிக்ஸ் வாசகர்கள் மூலத்தின் மீது பற்றுள்ளவர்கள், மூலத்தில் கை வைத்தால் சினம் கொள்வார்கள். இவ்விளக்கம் பிழையானது என்பதே இக்கட்டுரையின் வாதம். சூப்பர்மேன் கொல்லும் கதை காமிக்ஸிலேயே இருக்கிறது; அதை நன்கறிந்தவர்களும் படத்தின் முடிவை ஏற்கவில்லை. அவர்களுடைய ஆட்சேபத்தைக் கூர்ந்து வாசித்தால், கொலை நிகழ்ந்ததைக் காட்டிலும் அதன் விளைவைப் படம் சுமக்க மறுத்ததே அவர்களை உறுத்தியது என்பது புலப்படும். அவ்வகையில் பார்வையாளர் கருத்து என்பது படைப்பின் அறத்தையும் கட்டமைப்பையும் ஒருங்கே சோதிக்கும் திறனாய்வாகும்.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

பார்வையாளர் கருத்தைப் பற்றிப் பேசும்போது முதலில் எண்களைக் காட்டுவது வழக்கம். சுமார் 22.5 கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்ட இப்படம், வட அமெரிக்காவில் முதல் வார இறுதியில் 11.6 கோடி டாலரையும், உலகெங்கும் 66 கோடி டாலருக்கு மேலும் வசூலித்தது. வெளியாகும் நாளன்று திரையரங்கு வாசலில் வாக்குச்சீட்டு கொடுத்துக் கருத்தைத் திரட்டும் சினிமாஸ்கோர் நிறுவனத்தின் கணிப்பில் ‘ஏ மைனஸ்’ தரம் கிடைத்தது. ராட்டன் டொமேட்டோஸ் தளத்திலோ விமர்சகர் ஆதரவு 60 விழுக்காட்டைத் தொடவில்லை. மெட்டாகிரிட்டிக் வழங்கிய சராசரி 55.

இவற்றை அடுக்கி வைத்து, ‘மக்களுக்குப் பிடித்தது, விமர்சகர்களுக்குப் பிடிக்கவில்லை’ என்ற முடிவுக்குப் பலர் வந்தனர். ஆனால் இவ்வளவைகள் ஒவ்வொன்றும் அளப்பது வேறு. சினிமாஸ்கோர் முதல் நாளே ஆவலோடு வந்தவர்களைத்தான் கேட்கிறது. அவர்கள் எதிர்பார்த்தது கிடைத்ததா என்பதே அங்கே பதிவாகிறது. ராட்டன் டொமேட்டோஸ் ஒவ்வொரு விமர்சனத்தையும் சாதகம், பாதகம் என்ற இரண்டில் ஒன்றாகச் சுருக்கி, சாதகமானவற்றின் விழுக்காட்டைத் தருகிறது. மிதமான பாராட்டும் பரவசமும் அதில் ஒரே எடை பெறுகின்றன. மெட்டாகிரிட்டிக் மதிப்பெண்களுக்கு எடையிட்டுச் சராசரி காண்கிறது. ஒருவர் படத்தின் முதற்பாதியில் நெகிழ்ந்து இறுதியில் மனம் கசந்திருந்தால், அந்த மாற்றத்தைப் பதிவு செய்ய இவை எதிலும் இடமில்லை. ‘மேன் ஆஃப் ஸ்டீல்’ வரவேற்பின் உயிர்நிலையே அந்த மாற்றத்தில்தான் இருக்கிறது.

வரவேற்பு ஆய்வாளர்கள் இக்குறையை முன்பே உணர்ந்திருந்தனர். மார்ட்டின் பார்க்கரும் கேட் புரூக்ஸும் 1995ஆம் ஆண்டின் ‘ஜட்ஜ் டிரெட்’ திரைப்படத்தைப் பற்றிப் பார்வையாளர்களிடம் நேரில் உரையாடி, 1998இல் ‘நோயிங் ஆடியன்சஸ்’ என்ற நூலை வெளியிட்டனர். ஒரே படத்தைப் பார்க்க வருவோர் வெவ்வேறு நாட்டங்களோடு வருகிறார்கள். பிரம்மாண்டத்தைத் தேடி வருபவரும் நெடுநாள் வாசித்த பாத்திரத்தைத் தேடி வருபவரும் படத்தை வெவ்வேறு அளவுகோல்களால் மதிப்பிடுகிறார்கள் என்பது அந்நூலிலிருந்து கிடைக்கும் முக்கியமான தெளிவு. ஆகவே, பிடித்ததா என்று கேட்பதோடு நில்லாமல், எதை வேண்டி வந்தார்கள், எந்த இடத்தில் அது முறிந்தது என்று கேட்பதே ஆய்வுக்கு உகந்தது.

மூலம் எது?

மூலத்துக்கு உண்மையாக இருத்தல் என்ற அளவுகோலை நாவலிலிருந்து எடுக்கப்பட்ட படத்துக்குப் பயன்படுத்துவதே கடினம். 75 ஆண்டுகளாகப் பல எழுத்தாளர்கள் எழுதிவந்த ஒரு பாத்திரத்துக்கு அது பொருந்தவே பொருந்தாது. 1938இன் சூப்பர்மேன் முரடன். ஊழல் செய்பவரை மிரட்டி உண்மையைக் கக்கவைப்பவன். எதிரிகள் மாண்டாலும் பெரிதாக வருந்தாதவன். அவன் கொல்லக்கூடாது என்ற விதி பதிப்பாசிரியர் விட்னி எல்ஸ்வொர்த்தின் காலத்தில், 1940களின் தொடக்கத்தில், உறுதிப்பட்டது. பதிப்பகத்தின் வணிக விவேகத்தில் பிறந்த அந்த விதி, தலைமுறைகள் கடந்தபின் பாத்திரத்தின் இயல்பாகவே ஆகிவிட்டது.

அந்த விதியையும் காமிக்ஸ் மீறியிருக்கிறது. ஜான் பைர்ன் 1988இல் எழுதி வரைந்த ‘சூப்பர்மேன்’ 22ஆம் இதழில், வேறொரு பிரபஞ்சத்தின் பூமியை முற்றாக அழித்துவிட்ட மூன்று கிரிப்டான் குற்றவாளிகளுக்கு சூப்பர்மேன் மரண தண்டனை நிறைவேற்றுகிறான். கிரிப்டானியருக்கு நஞ்சான பச்சை கிரிப்டோனைட்டால் கொல்லப்பட்ட அம்மூவரில் ஒருவன் ஸாட். அப்படியிருக்க, 2013ஆம் ஆண்டுப் படம் காமிக்ஸில் இல்லாத ஒன்றைச் செய்துவிட்டது என்று எவரும் சொல்ல முடியாது.

எதிர்ப்பாளர்களில் மிகவும் கவனிக்கப்பட்டவர் காமிக்ஸ் எழுத்தாளர் மார்க் வெய்ட். அவர் எழுதிய ‘சூப்பர்மேன்: பர்த்ரைட்’ தொடரின் தாக்கம் படத்தில் வெளிப்படையாகத் தெரிகிறது. சூப்பர்மேன் மார்பிலுள்ள குறி கிரிப்டானில் நம்பிக்கையைச் சுட்டும் சின்னம் என்ற கருத்து அத்தொடரிலிருந்தே வந்தது. படத்தின் பல பகுதிகளை மனமாரப் பாராட்டிய வெய்ட், நகரத்தின் அழிவையும் இறுதிக் கொலையையும் ஏற்க முடியாமல் தம் மனத்துயரை எழுத்தில் வெளிப்படுத்தினார். பைர்னின் கதையை அறியாதவர் என்றோ, மாற்றத்தையே வெறுப்பவர் என்றோ அவரை ஒதுக்கிவிட முடியாது. தம் எழுத்தையும் மூலமாகக் கொண்ட படத்தை ஒருவர் மறுக்கிறார் என்றால், அவருடைய மறுப்புக்கு மூலப்பற்றை விட ஆழமான வேர் இருந்தாக வேண்டும்.

லிண்டா ஹட்சியன் 2006இல் வெளியிட்ட தழுவல் கோட்பாட்டு நூலில், தழுவலைத் தழுவலாக அறிந்து சுவைப்பவர், அறியாமல் சுவைப்பவர் என இருவகைப் பார்வையாளரைப் பேசுகிறார். சூப்பர்மேனைப் பொறுத்தவரை முற்றிலும் அறியாதவர் அரிது. காமிக்ஸ் ஒன்றைக்கூடப் புரட்டாதவருக்கும் 1978இல் கிறிஸ்டோபர் ரீவ் நடித்த படமோ, தொலைக்காட்சித் தொடரோ, குழந்தைகளின் சட்டையில் அச்சிடப்பட்ட குறியோ பழக்கமானவை. ஹான்ஸ் ராபர்ட் யாவுஸ் சொன்ன எதிர்பார்ப்பின் தொடுவானம் இங்கே ஒரு நூலால் உருவாகவில்லை, பொதுநினைவால் உருவானது.

ஆதரவாளரின் வாதம்

எதிர்ப்பை மட்டும் பேசுவது நேர்மையாகாது. படத்தை ஆதரித்தவர்களின் வாதங்கள் வலுவானவை. முதலாவதாக, கதையின் சூழல்: தன் இனத்தை மீட்கும் கடைசி வாய்ப்பை இழந்த ஸாட், மனிதர்களை ஒவ்வொருவராகக் கொன்று தீர்ப்பேன் என்கிறான். அவனைச் சிறைவைக்கக்கூடிய நிழலுலகு ஏற்கெனவே மூடிவிட்டது. இரண்டாவதாக, சூப்பர்மேன் அந்த உடையை அணிந்து நெடுநாள் ஆகவில்லை. போரில் பயிற்சி பெற்ற படைத்தலைவனைத் தேர்ச்சியற்ற இளைஞன் எதிர்கொள்கிறான். மூன்றாவதாக, மெட்ரோபோலிஸ் நொறுங்கத் தொடங்கும்போது அவன் உலகின் மறுபக்கத்தில், இந்தியப் பெருங்கடலின் மேல், நகரை நொறுக்கும் ஸாடின் இயந்திரத்துக்கு இணையான மற்றோர் இயந்திரத்தை அழித்துக்கொண்டிருக்கிறான். நகர மக்களைக் கைவிட்டான் என்று சொல்வோர் இதை மறந்துவிடுகின்றனர்.

படைப்பாளிகளும் தம் தரப்பைச் சொன்னார்கள். முதலில் திட்டமிடப்பட்ட முடிவில் ஸாட் மற்றவர்களோடு நிழலுலகுக்குள் இழுக்கப்படுவான். கொலையைத் தயாரிப்பாளர் கிறிஸ்டோபர் நோலன் தொடக்கத்தில் ஏற்கவில்லை. திரைக்கதையாசிரியர் டேவிட் எஸ். கோயர் அக்காட்சியை எழுதிக் காட்டிய பிறகே இசைந்தார். கொல்லாமை என்ற நெறி சூப்பர்மேனுக்கு எங்கிருந்து வந்தது என்பதை விளக்கவே அந்தக் கொலை தேவைப்பட்டது என்று ஸ்னைடர் வாதிட்டார். ஒருமுறை கொன்றதால்தான் இனி கொல்லமாட்டான் என்பது அவர் கருத்து.

இந்த விளக்கத்தை மதிப்போடு எடுத்துக்கொள்வோம். நெறி பிறந்த கதையைச் சொல்வதுதான் நோக்கம் என்றால், நெறி பிறக்கும் தருணம் படத்தில் இருந்தாக வேண்டும். பார்வையாளரின் கேள்வி இங்கேதான் கூர்மை பெறுகிறது.

கொலைக்குப் பின்

ஸாட் சாய்ந்ததும் சூப்பர்மேன் அலறுகிறான். செய்தியாளர் லோயிஸ் லேன் வந்து அவனை அணைத்துக்கொள்கிறாள். சூப்பர்மேனாக நடித்த ஹென்றி கேவிலின் அந்த அலறலில் உண்மையான வேதனை இருக்கிறது. ஆனால் அடுத்த காட்சியில் அவன் இராணுவத்தின் ஆளில்லா உளவு விமானத்தைத் தரையில் வீழ்த்திவிட்டு, தளபதியிடம் இலகுவாகப் பேசுகிறான். அக்காட்சி ஓர் அதிகாரியின் வேடிக்கையான சொல்லோடு முடிகிறது. பின்னர் தாயோடு ஓர் உரையாடல், சிறுவயது நினைவு, கண்ணாடி அணிந்து டெய்லி பிளானெட் நாளிதழில் முதல் நாள் வேலை. ஸாடின் பெயரோ, இடிபாடுகளில் மாண்டவர்களின் நினைவோ எங்கும் எழுவதில்லை.

1988இன் கதையோடு ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். அங்கே தண்டனை நிறைவேற்றிய சூப்பர்மேன் மனம் சிதைகிறான். தன்னை அறியாமலே வேறோர் ஆளாக வேடமிட்டு இரவில் குற்றவாளிகளைத் தாக்குகிறான். தன்னால் பூமிக்கு ஆபத்து என்று உணர்ந்து 1989இல் விண்வெளிக்குத் தன்னைத்தானே நாடுகடத்திக்கொள்கிறான். மாதக்கணக்கில் நீண்ட அந்தக் கதைத்தொடர், ஒரு செயலின் எடையை வாசகர் உணரப் போதுமான காலத்தைக் கொடுத்தது. அதே செயலை அங்கே தாங்கிக்கொண்ட வாசகர்கள் இங்கே தாங்காததற்குக் காரணம் இந்தக் கால வேறுபாடே.

தமிழ் வாசகருக்கு இது புதிய சிக்கலன்று. மறைந்து நின்று வாலி மீது இராமன் அம்பெய்தது தகுமா என்ற வாதம் நம் உரைகளிலும் பட்டிமன்ற மேடைகளிலும் தலைமுறை தலைமுறையாக நடந்துவருகிறது. கம்பர் அந்தக் கேள்வியை வாசகரிடம் மட்டும் விட்டுவிடவில்லை. அம்பு பாய்ந்து கிடக்கும் வாலியின் வாயிலேயே அதை வைத்து, இராமன் தரப்பை நேர்நின்று விடை சொல்ல வைக்கிறார். அந்த விடை எல்லோருக்கும் நிறைவு தருவதில்லை. எனினும் கேள்விக்குக் காப்பியத்துக்குள்ளேயே மன்றம் கிடைத்துவிடுகிறது. ‘மேன் ஆஃப் ஸ்டீல்’ அந்த மன்றத்தைக் கூட்டவில்லை. அதனால் கேள்வி படத்துக்கு வெளியே பொதுவெளியில் வெடித்தது.

உம்பர்த்தோ எக்கோ 1962இல் எழுதிய சூப்பர்மேன் பற்றிய புகழ்பெற்ற கட்டுரை இதற்கு இன்னொரு விளக்கம் தருகிறது. புராண நாயகனுக்கு மாறாத இயல்பு வேண்டும். நாவல் பாத்திரமோ செயலால் மாறி, காலத்தில் தேய வேண்டும். இரண்டையும் சேர்த்துச் சுமக்கும் சூப்பர்மேன், தன்னைத் தேய்க்கும் எதையும் செய்யாமல், ஒவ்வொரு கதையிலும் புதிதாகத் தொடங்குகிறான் என்றார் எக்கோ. மாற்றமுடியாத ஒரு செயலை அவன் கையில் கொடுத்து ஸ்னைடர் அவனைக் காலத்துக்குள் இழுத்துவந்தார். அது துணிவான முயற்சி. ஆனால் அடுத்த காட்சியிலேயே அவனைப் பழைய தேயாத உலகுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார். நாவலின் சுதந்திரத்தை எடுத்துக்கொண்டு அதன் கடனைக் கட்ட மறுத்த இந்த முரணையே பார்வையாளர்கள் இனங்கண்டனர். எக்கோவைப் படிக்காதவர்களும் அதை உணர்ந்தார்கள் என்பது பார்வையாளர் கருத்தின் அறிவுத்தரத்துக்குச் சான்று.

படத்துக்குள் புகுந்த கருத்து

இவ்வாதத்தின் வலிமையைப் பின்வந்த படங்களே காட்டுகின்றன. 2016இல் வெளியான ‘பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்’, மெட்ரோபோலிஸின் அழிவைத் தொடக்கப் பகுதியிலேயே தரையிலிருந்து காட்டுகிறது. இடிந்து விழும் கட்டடத்தை நோக்கிப் பேட்மேனான புரூஸ் வெய்ன் ஓடுகிறான். சாமானியரின் சாவு கண்ணெதிரே நிகழ்கிறது. சூப்பர்மேனின் பொறுப்பை விசாரிக்க நாடாளுமன்றக் குழுவே கூடுகிறது. இறுதிச் சண்டை நடக்கும் இடங்களில் ஆட்கள் இல்லை என்று வசனத்தாலேயே தெளிவுபடுத்தப்படுகிறது. முந்தைய படத்தின் மீதான ஆட்சேபங்கள் திரைக்கதைக்குள் இடம்பெற்றதையே இவை உணர்த்துகின்றன. எனினும் ஸாடின் கொலை நாயகனின் மனச்சான்றுச் சிக்கலாக அங்கும் எழவில்லை. ஸாடின் உடல் அரக்கன் ஒருவனை உருவாக்கும் மூலப்பொருளாக மட்டும் பயன்படுகிறது. நகரத்தைப் பற்றிய கேள்விக்கு விடை கிடைத்தது. கழுத்தைப் பற்றிய கேள்விக்குக் கிடைக்கவில்லை.

2025இல் ஜேம்ஸ் கன் இயக்கிய ‘சூப்பர்மேன்’, பேருருவ விலங்கோடு நடக்கும் சண்டைக்கு நடுவே நாயகன் ஓர் அணிலைக் காப்பாற்றுவதைக் காட்டுகிறது. முன்னைய விவாதத்தை அறிந்தவர்களுக்கு அது வெறும் நகைச்சுவைத் துணுக்காகத் தோன்றாது. வலிமை உள்ளவன் எளிய உயிரையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்ற பார்வையாளர் கோரிக்கைக்கு அது காட்சிவடிவம் தருகிறது.

முடிவுரை

பார்வையாளர் கருத்தை விழுக்காடாகச் சுருக்குவதும், ரசிகரின் பிடிவாதம் என்று தள்ளுவதும் ஒரே தவறின் இரு வடிவங்கள். இரண்டுமே கருத்துக்குள் இருக்கும் காரணத்தைக் கேட்க மறுக்கின்றன. ‘மேன் ஆஃப் ஸ்டீல்’ வரவேற்பை வாசிக்கும் எவரும் மூன்று கேள்விகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்: என்ன நிகழ்ந்தது, ஏன் நிகழ்ந்தது, அதன்பின் என்ன ஆயிற்று. முதற்கேள்வியில் மூலப்பற்று பேசக்கூடும். இரண்டாவதில் ஆதரவாளர் தரப்பே வலுவானது. மூன்றாவதில் எதிர்ப்பாளர் தரப்புக்குப் படம் விடையளிக்கவில்லை. இந்தப் பிரிப்பைச் செய்யாததால்தான் இரு தரப்பும் பல ஆண்டுகள் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காமலே வாதிட்டன.

அளவற்ற ஆற்றல் உள்ளவன் தன் செயலுக்குப் பொறுப்பேற்பானா என்பதே சூப்பர்மேன் கதையின் அடிப்படைக் கேள்வி. அதைக் கதாசிரியர் கேட்க மறந்தபோது பார்வையாளர் கேட்டார்கள். ஒரு பொதுப் பாத்திரத்தின் அறத்தைக் காக்கும் பணி பதிப்பகத்திடமோ படநிறுவனத்திடமோ மட்டும் இல்லை என்பதை அந்தக் கேள்வி நிறுவுகிறது. தழுவல் ஆய்வு இனி மூலத்தையும் படத்தையும் மட்டும் ஒப்பிட்டு நின்றுவிடலாகாது. அந்த இரண்டையும் எடைபோடும் பார்வையாளரின் வாதத்தையும் மூன்றாவது பனுவலாகக் கொண்டு வாசிக்க வேண்டும்.