அடார்: தினைப்புனத்துக் கற்பொறி

அடார் என்பது மலைச்சாரல் விளைநிலங்களில் விலங்குகளை வீழ்த்த வைக்கப்பட்ட கற்பொறி. கனத்த கல்லைச் சிறு பொறியின்மேல் சாய்த்து நிறுத்துவர். விலங்கு அதைத் தட்டியதும் கல் விழுந்து நசுக்கும். கனடாவின் வடகாட்டு வேடர்களும் மரக்கட்டைகளைக் கொண்டு இதே முறையில் பொறி அமைத்தனர். அங்கே குளிர்காலத்தில் விலங்கின் மயிர் அடர்ந்து தோலுக்கு நல்ல விலை கிடைக்கும்; 1670இல் தோன்றிய ஹட்சன் பே கம்பெனி வளர்ந்ததே அந்த வணிகத்தால்தான். தமிழக மலைகளில் அத்தகைய குளிர் இல்லை. இங்குள்ள சான்றுகள் தோலைப் பேசவில்லை, பயிரைப் பேசுகின்றன. ஆகவே அடாரை வேளாண் காவலின் உறுப்பாகக் கொள்வதே பொருந்தும்.

முதன்மைச் சான்று மலைபடுகடாம். கல்வராயன் மலைக்கு வடக்கேயுள்ள செங்கத்தை ஆண்ட நன்னனிடம் கூத்தரை வழிப்படுத்தும் நூல் இது. விளைபுனத்தை அழிக்கும் காட்டுப்பன்றிக்கு அஞ்சி, அது நுழையும் வழிதோறும் அடார் வைத்திருப்பதால், இரவில் நடக்காமல் விடிந்தபின் செல்லுங்கள் என்று அது எச்சரிக்கிறது. நற்றிணை 119ஆம் பாடலிலோ, பன்றிக்கு வைத்த அடாரில் ஒளிமிக்க புலி அகப்பட்டுக்கொள்கிறது. இவை குறிஞ்சித்திணையின் மரபு வருணனைகளே, நடைமுறைக்குச் சான்றாகா எனலாம். ஆனால் அழகுக்காக மட்டும் சொல்லப்படும் பொருளுக்கு, எந்த நேரத்தில் கடக்க வேண்டும் என்ற அறிவுரை தேவையில்லை. இரு நூல்களும் பொறியின் நோக்கம் பயிர்க்காவல் என்பதில் ஒன்றுபடுகின்றன. புலி விழுந்தது தற்செயல். நன்னன் நாட்டில் கல்வராயன் சாரலும் அடங்கியதெனத் துணிய முடியாது. எனினும் அங்கும் மலையாளிப் பழங்குடியினர் சாமை, தினை விளைவித்து வந்துள்ளனர்.

இடைக்காலத்தில் இம்மலை மூன்று ஜாகீர்களாக இருந்தது. அவற்றை வழங்கியவர் கிருஷ்ணதேவராயர் என்பது மரபுச் செய்தி. ஜாகீர் முறை 1976இல் ஒழிந்தது. அதற்கு முன்பே, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பொறி வைப்பதையும் வேட்டை என வரையறுத்துவிட்டது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பழங்குடியினரின் மரபுரிமைகளை ஏற்றபோதும், வேட்டையையும் பொறி வைத்தலையும் வெளிப்படையாக விலக்கியது. அருகிவரும் உயிர்களைக் காக்க இவ்விலக்கு தேவை; பொறிக்குப் பன்றியும் புலியும் ஒன்றே என்பதற்கு நற்றிணையே சாட்சி. ஆனால் பொறியை விலக்கிய சட்டம், அது செய்துவந்த காவலையும் ஏற்றாக வேண்டும். காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிரழிக்கும் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் எனத் தமிழக அரசு 2025இல் அறிவித்தது. காட்டை ஒட்டிய மலைவயல்களுக்கு இந்த அனுமதி பொருந்தாது.