செம்பூர் வானத்தில் ஆறு கார்த்திகைப் பெண்களும் தெரிகிறார்களா?

டிசம்பர், ஜனவரி மாதங்களில் ஒரு சின்ன டெஸ்ட் செய்து பாருங்கள். தாராவியோ, மாட்டுங்காவோ, செம்பூரோ, இரவு 9 மணிக்கு மேல் மொட்டை மாடிக்குப் போய் அண்ணாந்து பாருங்கள். கிட்டத்தட்ட தலைக்கு மேலே ஒரு சிறு கொத்து இருக்கும். அதுதான் கார்த்திகை, முருகனை வளர்த்த ஆறு பெண்கள். எத்தனை பேரை எண்ண முடிகிறது?

ஏன் ஆறும் தெரிவதில்லை?

நட்சத்திரத்தின் பிரகாசத்தை எண்ணால் அளப்பார்கள். எண் கூடினால் ஒளி குறைவு. நல்ல இருட்டில் வெறும் கண்ணுக்கு 6 வரை தெரியும். பெருநகர மையங்களில் அது சுமார் 4-லேயே நின்றுவிடும். கார்த்திகையின் ஆறில் இரண்டு 4-ஐத் தாண்டியவை. மேல்நோக்கிப் போகும் விளக்கொளி தூசியிலும் ஈரப்பதத்திலும் பட்டுச் சிதறி, வானத்தையே வெளுக்க வைக்கிறது. அந்த வெளுப்பில் மங்கலான நட்சத்திரங்கள் காணாமல் போகின்றன.

டேட்டா என்ன சொல்கிறது?

2016-ல் வெளியான உலக வரைபடத்தின்படி, மனிதர்களில் மூன்றில் ஒருவருக்குப் பால்வெளி தெரிவதே இல்லை. 2023-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு, 2011 முதல் 2022 வரை வானம் ஆண்டுக்குச் சராசரியாக 9.6% பிரகாசமானதாகச் சொன்னது. அதாவது 8 ஆண்டுகளில் இரு மடங்கு. 250 நட்சத்திரங்கள் தெரியும் ஊரில் பிறக்கும் குழந்தைக்கு, 18 வயதில் 100 தான் மிஞ்சும். ஒன்றைக் கவனியுங்கள்: இந்தப் பதிவுகளில் பெரும்பகுதி ஐரோப்பா, வட அமெரிக்காவிலிருந்து வந்தவை.

ஊருக்கு வெளியே போனால்?

மும்பை வான்பார்வையாளர்கள் கர்ஜத் லோக்கல் பிடித்து வாங்கணிக்குப் போவார்கள். விளக்கிலிருந்து தப்பலாம், செயற்கைக்கோளிலிருந்து முடியாது. 2019 மே மாதம் ஸ்டார்லிங்க் முதல் 60 செயற்கைக்கோள்களை ஏவியது. இன்று பல ஆயிரம். சுமார் 550 கி.மீ. உயரத்தில் சூரியன் மறையத் தாமதமாகும் என்பதால், நமக்கு இருட்டிய பிறகும் அவை மின்னும். தொலைநோக்கிப் படங்களில் கோடு கோடாக விழும்.

சரிசெய்ய முடியுமா?

செயற்கைக்கோள் விஷயத்தில் நிறுவனங்களும் அரசுகளும்தான் இறங்கி வர வேண்டும். விளக்கு அப்படியில்லை, அணைத்த நொடியே அந்த மாசு போய்விடும். லடாக்கின் ஹான்லேயில் விளக்குகளுக்கு மூடி, ஜன்னல்களுக்குத் திரை போட்டே இருள்வானக் காப்பகம் அமைத்தார்கள். மகாராஷ்டிராவின் பெஞ்ச் புலிகள் காப்பகம் 2024-ல் இந்தியாவின் முதல் இருள்வானப் பூங்காவாக அங்கீகாரம் பெற்றது.

உங்கள் சொசைட்டியின் அடுத்த மீட்டிங்கில் மூன்று விஷயம் கேளுங்கள்: மாடி விளக்குக்கு மூடி, வெள்ளைக்குப் பதில் மஞ்சள் எல்இடி, நள்ளிரவுக்குப் பிறகு டைமர். மின்கட்டணமும் குறையும்.