பேரனா, மகனா?

குமுளி மலைச்சாலை ஏறத் தொடங்கும் இடம் லோயர் கேம்ப். 1895இல் முடிந்த பெரியாறு அணை வேலையின் அடிவார முகாமே ஊருக்குப் பெயராயிற்று. ஏலத் தோட்டப் பெண்களும் வெளியூர்ப் பயணிகளும் பேருந்துக்குக் காத்து நிற்கும் அவ்விடத்தில், நாற்பதைக் கடந்த தாயின் கையில் குழந்தையிருந்தால் "பேரனா?" என்று முன்பின் அறியாதவர் கேட்கிறார். தாய் மிக இளையவளாயின், "தம்பியா?" என்பார்.

நம் பாட்டிமார் காலத்தில் மகளுக்குப் பேறு பார்க்கும் தாயே கருவுற்றிருப்பதும் உண்டு. மருமகனைவிட இளைய தாய்மாமனைக் கண்டு எவரும் வியந்ததில்லை. அதற்காக அக்காலத்தைப் பொற்காலமென்று போற்ற நாம் துணியோம். பெண்ணின் மணவயது 1929ஆம் ஆண்டின் சாரதா சட்டத்தில் 14; 1978இல்தான் 18 ஆயிற்று. சிறுமியரே தாயராகி, பேறுகாலத்தில் மாண்டோர் பலர். முதிய வயதுக்கும் இன்று வரம்புண்டு: செயற்கைக் கருத்தரிப்புச் சிகிச்சைக்குப் பெண்ணின் வயது எல்லை 50 என்கிறது 2021ஆம் ஆண்டுச் சட்டம். உடல்நலம் கருதிச் சட்டம் வயதைக் கேட்கட்டும். பேருந்துக்கு நிற்பவருக்கு அக்கணக்கு எதற்கு?

முதிர்ந்த வயதில் கருவுற்ற எலிசபெத்து ஐந்து மாதம் பிறர் கண்ணில் படாதிருந்தார் என்கிறார் லூக்கா. காரணம் சொல்லப்படவில்லை, பிள்ளையின்றி இருந்தபோது மக்களிடையே பட்ட இகழ்ச்சியை மட்டும் அவரே நினைவுகூர்கிறார். அன்று இகழ்ந்த கண்களுக்கு எதிரே உடனே வந்து நிற்க யாருக்குத்தான் மனம் வரும்?

நம் பள்ளத்தாக்குத் தாய்மார் ஒளிவதில்லை. "எம் மகன்தான், கடைக்குட்டி" என்று சொல்லிவிட்டு, பேருந்து வந்ததும் பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொள்கிறார்கள்.