காசு சொன்ன செய்தி

செய்தித்தாள் இல்லாத காலத்தில் அரசனின் பெயரையும் பெருமையையும் எளியவனின் உள்ளங்கை வரை கொண்டு சேர்த்தது நாணயமே. உரோமைப் பேரரசர் இதனை நன்கறிந்திருந்தனர்.

கொங்கு நாட்டில் புதையல்களாகக் கிடைத்த உரோமை வெள்ளிக்காசுகளுள் பெரும்பாலானவை இரண்டே வகையின. ஒன்று அகுஸ்து சீசரின் காசு. அதன் பின்புறத்தில் கேடயங்களோடும் ஈட்டிகளோடும் இரு இளைஞர் நிற்கின்றனர். அவர் தத்தெடுத்த பேரர்களான காயுவும் லூசியுவுமே அவர்கள். 'எனக்குப் பின் இவர்களே' என்பது அக்காசின் அறிவிப்பு. ஆனால் லூசியு கி.பி. 2-லும், காயு கி.பி. 4-லும் மாண்டனர். அறிவிப்புப் பொய்த்தது, காசோ தொடர்ந்து புழங்கியது.

மற்றது திபேரியு சீசரின் காசு. 'தெய்வீக அகுஸ்துவின் மகன்' என்று ஒரு புறமும், 'தலைமைக் குரு' என்று மறுபுறமும் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. வரி பற்றிய வினா எழுந்தபோது, ஆண்டவர் இயேசு காட்டச் சொன்ன தெனாரியம் இவ்வகையினதே எனப் பலரும் கருதுவர். எருசலேமில் அவர் முன் நீட்டப்பட்ட காசின் உடன்பிறப்புகள், மிளகின் விலையாக நம் சேர நாட்டுக் கரையிலும் வந்து இறங்கின. அதே நூற்றாண்டில் எழுந்த கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு ஒன்று, துறவு பூண்டோர் நீராடும் துறையாக நம் குமரியைப் பெயர் சுட்டிக் கூறுகிறது.

இலத்தீன் எழுத்தை இங்கே எத்தனை பேர் படித்திருப்பர்? எனினும் காசின் செய்தி புரியாமற் போகவில்லை. கிளவுதியு காலத்தில் இலங்கைக் கரையில் ஒதுங்கிய உரோமையன் ஒருவனிடமிருந்த தெனாரியங்களை அத்தீவின் மன்னன் கண்டான். முகங்கள் வெவ்வேறாயினும் எடை ஒன்றாகவே இருந்ததால், உரோமையரின் நேர்மையை அவன் வியந்தான் என்று பிளினி எழுதியுள்ளார்.

கி.பி. 64-ஆம் ஆண்டளவில் நீரோ அந்த எடையைக் குறைத்தான். வெள்ளியின் தரத்தையும் தாழ்த்தினான். அதன் பின் அடிக்கப்பட்ட வெள்ளிக்காசுகள் தென்னாட்டுப் புதையல்களில் அரிதாகவே காணப்படுகின்றன. நம் வணிகர் பழைய காசையே விரும்பினர் என்பது அறிஞர் பலரின் கருத்து. பட்டங்கள் குறையவில்லை, வெள்ளிதான் குறைந்தது. அதைத் தராசு காட்டிக்கொடுத்தது.

தமிழில் 'நாணயம்' என்னும் சொல் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். காசில் சீசரின் உருவம் உண்டு. மனிதனிலோ கடவுளின் சாயல் உண்டு. நாம் தாங்கியுள்ள பெயரைப் படிக்கத் தெரியாத அயலாரும் நம்மை நிறுத்துப் பார்ப்பர். அப்போது நம் எடை சரியாக இருக்குமா?